அண்ணனின் சிங்கப்பூர்க் கடை: நான் போட்டுப் பார்த்த கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பச்சி வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தபோது அண்ணன் ஒரு பெரிய காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தார். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு தெருவில், தரைத்தளமும் மாடியுமாக ஒரு கடையின் வரைபடம். சேலை அலமாரி எங்கே, கண்ணாடி எங்கே, தரையில் ஆத்தங்குடி கல் எந்த நிறத்தில் பதிப்பது என்பது வரைக்கும் குறித்து வைத்திருந்தார். "நீ பன்னிரண்டு வருஷம் அங்கே துணிக்கடைக் கம்பெனியில் இருந்தவள். பார்த்துவிட்டு மனசில் பட்டதைச் சொல்லு" என்றார். அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் கேட்டு வாங்கி, கணக்கெல்லாம் போட்டுப் பார்த்து, அவரிடம் போய்ச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதலாமா என்று கேட்டேன். தாராளமாக எழுது, கடைப் பேரை மட்டும் போடாதே என்றார்.

அண்ணனுக்குக் காரைக்குடியில் ஒரு கடை, தேவகோட்டையில் ஒன்று, புதுக்கோட்டையில் ஒன்று. கண்டாங்கியும் செட்டிநாட்டுப் பருத்திச் சேலையும்தான் பிரதானம். 2019ல் காரைக்குடி கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு, கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் கார் ஏறும் முன் அண்ணன் கடையில் இரண்டு சேலை வாங்கிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. வாட்ஸ்ஆப்பில் சிங்கப்பூர், மலேசியா எண்களில் இருந்து படம் கேட்டு வருகிறார்கள். அதைப் பார்த்துத்தான் அவருக்கு ஆசை வந்திருக்கிறது. ஆசையில் தவறே இல்லை. ஆனால் திட்டம் என்னவென்றால், சிராங்கூனில் பெரிய கடை ஒன்று, ஒரு வருடத்துக்குள் இன்னும் இரண்டு, அதற்குக் காரைக்குடிக் கட்டடத்தை வைத்து வங்கிக் கடன். இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூருக்குப் போகலாம், போக வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் முதலில் ஆள் போக வேண்டும், அப்புறம் சரக்கு போக வேண்டும், கடை கடைசியில்தான் போக வேண்டும்.

இதை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பதினாறு வயதில் கொண்டுவிற்கப் போனவர். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் வெளிநாட்டுக்குத் தொழிலுக்குப் போவதை அப்படித்தான் சொல்வார்கள். முதல் பயணத்தில் அவர் பெட்டியடிப் பையன். கடையைப் பெருக்குவது, சீட்டு கொண்டுபோய்க் கொடுப்பது, பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதிப் பழகுவது. அடுத்த பயணத்தில் அடுத்தாள். அதற்கும் பிறகுதான் மேலாள், அதாவது முதலாளி ஊரில் இருக்க, அவருடைய விலாசத்தில், அதாவது அவர் தொழில் நடத்தும் பேரில், எல்லாவற்றையும் நடத்துகிறவர். ஒரு பயணம் என்றால் மூன்று வருடம். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி என்று நீளமான கட்டடங்கள் இருந்தன. அதில் ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு குட்டை மேசை, பகலில் தரையில் உட்கார்ந்து தொழில், ராத்திரி அதே இடத்தில் படுக்கை. பல விலாசங்கள் ஒரே கூரையின் கீழ், வாடகையும் பங்கு, சமையலும் பங்கு. அவர்கள் செய்த வட்டித்தொழில் வேறு, சேலை வியாபாரம் வேறு, எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு விஷயத்தைப் பாருங்கள்: ஓர் ஊரில் யார் நாணயமானவர், யார் எப்போது பணம் கொடுப்பார், எந்த மாதத்தில் கை வறண்டு போகும் என்று தெரிந்துகொள்வதற்குத்தான் முதல் மூன்று வருடமும். அந்தப் படிப்புக்கு ஆன செலவு ஒரு பையனின் சாப்பாடும் படுக்கையும். அண்ணன் அதே படிப்பை மாதம் பல லட்சம் வாடகை கொடுத்துப் படிக்கப் பார்க்கிறார்.

பெரிய பெரிய நிறுவனங்களே இதில் அடிபட்டிருக்கின்றன. ஜப்பானின் உடை நிறுவனமான யூனிக்லோவை எடுத்துக்கொள்ளுங்கள். தடாஷி யானாய் அப்பாவிடம் இருந்து கைக்கு வந்த, ஆண்கள் உடை விற்ற ஒரு சின்ன ஊர்க் கடையை வைத்துக்கொண்டு தொடங்கியவர். 1984ல் ஹிரோஷிமாவில் முதல் யூனிக்லோ. தொண்ணூறுகளின் கடைசியில் ஃபிளீஸ் சட்டை ஜப்பான் முழுக்கப் பைத்தியமாக விற்றது. அந்த வேகத்தில் 2001ல் லண்டனுக்குப் போனார்கள். எடுத்த எடுப்பில் நாலு கடை, மூன்று வருடத்தில் ஐம்பது என்று இலக்கு. இருபத்தொன்று வரைக்கும் போனார்கள். 2003ல் ஐந்தை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூடினார்கள். துணியில் குறை இல்லை. ஜப்பானில் வரிசையில் நின்று வாங்கிய அதே துணிதான். லண்டன்காரருக்கு அந்தப் பேர் தெரியாது, யூனிக்லோவுக்கு லண்டன்காரரைத் தெரியாது, இரண்டு பேரும் அறிமுகமாவதற்கு முன்பே கடைகள் பெருகிவிட்டன. 2005ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மால்களில் திறந்த கடைகளும் நிலைக்கவில்லை. அடுத்த வருடம் நியூயார்க் சோஹோவில் ஒரே ஒரு பெரிய கடையைத் திறந்து, பேரை முதலில் நிலைநாட்டப் பார்த்தார்கள்.

அதே யூனிக்லோ 2009ல் சிங்கப்பூருக்கு வந்தபோது எப்படி வந்தது என்பதை அண்ணனிடம் விரிவாகச் சொன்னேன். தனியாக வரவில்லை. விங் தாய் என்ற உள்ளூர் நிறுவனத்தோடு கூட்டு. முதல் கடை பெரிய பெரிய கடைகள் நிறைந்த ஆர்ச்சர்ட் சாலையில் இல்லை, தெம்பனிஸில், குடியிருப்புகளுக்கு நடுவில் இருக்கும் மாலில். நான் அந்தப் பக்கம்தான் குடியிருந்தேன், ரயில் நிலையத்தில் இருந்து இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில் சனங்கள் சும்மா உள்ளே நுழைந்து இரண்டு பனியன் எடுத்துக்கொண்டு போவார்கள். இந்தியாவுக்கு வந்ததும் நிதானமாகத்தான்: 2019 அக்டோபரில் டெல்லியில் முதல் கடை, அப்புறம் டெல்லியைச் சுற்றியும் லக்னோ, சண்டிகர் பக்கமும், மும்பையை எட்டியது 2023ல். லண்டனில் சூடு கண்ட பூனை என்று நினைத்துக்கொள்வேன்.

ஜாரா இந்தப் பாடத்தைச் சூடு படாமலே அறிந்து வைத்திருந்தது. 1975ல் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள லா கொருன்யாவில் முதல் கடை. வெளிநாட்டில் முதல் கடை 1988ல்தான், பதின்மூன்று வருடம் கழித்து. அதுவும் எங்கே? பாரிஸில் இல்லை, பக்கத்து நாடான போர்ச்சுகலின் போர்ட்டோவில். லா கொருன்யாவில் இருந்து வண்டியில் போய் வரும் தூரம், கிட்டத்தட்ட ஒரே பேச்சு வழக்கு. நியூயார்க் 1989, பாரிஸ் 1990. ஒரு நாட்டுக்குள் நுழைந்தால் ஒரு கடையைப் போட்டு, அதில் கற்றுக்கொண்டதை வைத்து, துணியில் எண்ணெய் படர்வதுபோல மெல்லப் பரவுவது அவர்கள் வழக்கம். இந்தியாவுக்கு 2010ல் டாடாவின் ட்ரென்ட்டோடு கூட்டு சேர்ந்து வந்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும் இருபது சொச்சம் கடைகள்தான். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அவசரம் இல்லை, மூன்று கடை வைத்திருக்கிற நமக்கு என்ன அவசரம் அண்ணே என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை.

அமெரிக்க உடை நிறுவனமான கேப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2015ல் ஒரு கூட்டாளியோடு இந்தியா வந்து, ஐந்து வருடத்தில் அந்த ஏற்பாடு முடிந்து, 2022ல் வேறொரு கூட்டாளியோடு திரும்ப வந்தது.

சரி, இதெல்லாம் வெளியில் பார்த்தது. என் கண்ணெதிரே நடந்த ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த நிறுவனம், பேர் வேண்டாம், இந்தோனேசியாவில் கடைகள் திறந்தது. அங்கே வருடத்தின் பெரிய வியாபாரம் நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில். சட்டப்படி முதலாளிகள் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பாவது ஊழியர்களுக்குப் பண்டிகைப் பணம் கொடுத்தாக வேண்டும், அந்தப் பணம் கைக்கு வந்த உடனே கடைக்கு வரும். எங்கள் அலுவலகத்தில் சரக்கு அனுப்பும் அட்டவணை போன வருடம் இதே வாரத்தில் எவ்வளவு விற்றது என்பதை வைத்துப் போடப்பட்டது. ஹிஜ்ரி வருடம் நம் நாட்காட்டியை விடப் பதினொரு நாள் குறைவு, ஒவ்வொரு வருடமும் பண்டிகை முன்னால் நகரும். அட்டவணை நகரவில்லை. பெருநாள் உடைகள் வந்து இறங்கியபோது பண்டிகைக்கு நாலே நாள் இருந்தது. ஜகார்த்தாவில் இருந்த பெண் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். தலைமை அலுவலகத்தில் அதைப் படித்தவர்கள் அட்டவணையைத்தான் நம்பினார்கள். நானும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவள்தான், குரல் கொடுக்கவில்லை. அந்தச் சரக்கு பாதி விலைக்குப் போனது. இரண்டாம் வருடமே கடைகளைக் குறைக்க ஆரம்பித்தார்கள். அங்கே இருக்கிற ஒரு மனுஷி சொன்னால் கேட்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குள் ஆழமாக இறங்கியது.

அண்ணனின் அட்டவணையிலும் அப்படி ஒன்று இருந்தது. ஆடித் தள்ளுபடிக்கு ஒரு பெருந்தொகை எழுதியிருந்தார். காரைக்குடியில் ஆடி என்றால் கூட்டம் தானாக வரும். சிங்கப்பூரில் ஆடி மாதம் சேலைக்கடைக்குப் பெரிய மாதம் இல்லை. தீபாவளி பெரிது, சிராங்கூன் சாலை இருக்கும் தேக்கா பக்கமே விளக்கு அலங்காரமும் சந்தையுமாக ஒரு மாதத்துக்குக் கால் வைக்க இடம் இருக்காது. பொங்கல் ஓரளவு. அப்புறம் அண்ணன் கேள்விப்பட்டே இராத ஒன்று: ஜூலை 21 இன நல்லிணக்க நாள், பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் பாரம்பரிய உடையில் வருவார்கள். சீன ஆசிரியை ஒருத்தி அதற்காக என்னிடம் கண்டாங்கி கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இதெல்லாம் வரைபடத்தில் தெரியாது.

அடுத்தது, வாங்குகிறவர் யார் என்ற கேள்வி. அண்ணன் சொன்னது, அங்கே தமிழர்கள் ஏராளம், தமிழ் ஆட்சிமொழி, கோயில் இருக்கிறது, டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலை 1859ல் நம் ஆட்களே கட்டினார்கள், நம் ஊர் மாதிரிதான் என்று. எல்லாம் உண்மை. ஆனால் சிங்கப்பூரில் வசிக்கும் மக்களில் இந்தியர் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான். அதிலும் அவர்கள் ஒரே பேட்டையில் இல்லை. 1989 முதல் வீவக எனும் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தார் எத்தனை வீடு என்று வரம்பு இருக்கிறது, அதனால் தமிழர்கள் தீவு முழுக்கச் சிதறி இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகைக்கும் தேக்காவுக்கு வருவார்கள். ஆகவே இரண்டாவது கடை, மூன்றாவது கடை என்று தெம்பனிஸிலும் ஜூரோங்கிலும் திறந்தால் அது வேறு ஆட்களைக் கொண்டுவராது, தேக்காவுக்கு வருகிற அதே ஆட்களைப் பங்கு போடும்.

இதை விடப் பெரிய விஷயம், போட்டி. அண்ணன் சிராங்கூனில் இருக்கிற மற்ற சேலைக்கடைகளின் பட்டியலைப் போட்டு வைத்திருந்தார். உண்மையான போட்டி அந்தப் பட்டியலில் இல்லை. அது திருச்சி விமானம். நாலு மணி நேரத்துச் சொச்சம் பயணம், தினம் பல விமானங்கள், போகும்போது பெட்டி காலி, வரும்போது சேலை. கல்யாணச் சேலைக்கு சிங்கப்பூர்த் தமிழர்கள் ஊருக்கு வந்துதான் எடுப்பார்கள், அந்தப் பயணமே கல்யாணத்தில் ஒரு பகுதி. அண்ணனின் காரைக்குடிக் கடைக்கே அவர்கள்தானே வருகிறார்கள்! இங்கே 1,800 ரூபாய்க்குப் பார்த்த சேலையை அங்கே 45 வெள்ளிக்கு, அதாவது மூவாயிரம் ரூபாய் அளவுக்குப் பார்த்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? (சிங்கப்பூரில் டாலரை வெள்ளி என்றுதான் சொல்வோம், எனக்கு அது வாயில் ஒட்டிக்கொண்டது.) அந்தக் கடை ஊருக்கு வந்து போகிறவர்களுக்காக இருக்க முடியாது. ஊருக்கு வர முடியாதவர்கள், இரண்டு பயணத்துக்கு நடுவில் அவசரமாக ஒன்று தேவைப்படுகிறவர்கள், வேலைக்குப் பருத்திச் சேலை கட்டுகிற ஆசிரியைகள், கைத்தறியை விரும்புகிற சீனர்கள், மலாய்க்காரர்கள், இவர்களுக்காகத்தான் இருக்க முடியும். இவர்கள் எத்தனை பேர், என்ன கேட்பார்கள் என்று அண்ணனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அங்கே போய் நிற்கிற ஆளுக்குத்தான் தெரியவரும்.

அப்புறம் துணி. கண்டாங்கியின் அழகே அதன் கனமும், பட்டையான கரையும், அந்த அரக்கும் கடுகு மஞ்சளும் கறுப்பும். நம் வீட்டில் கஞ்சி போட்டு, வளவில் கயிறு கட்டி, வெயிலில் காய வைத்து, இரண்டு பேர் நுனியைப் பிடித்து இழுத்து மடிப்போம். பத்தாவது மாடி அடுக்குமாடி வீட்டில், சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கம்பில், தினம் மழை பெய்கிற ஊரில் இது நடக்குமா? நானே அங்கே இருந்த வருடங்களில் கஞ்சி போட்டதில்லை, சலவை இயந்திரத்தில் போட்டுக் கரை சுருங்கியதைப் பார்த்து அழுதிருக்கிறேன். சாயம் போகும் பயம் வேறு. முதல் தடவை கல்லுப்புப் போட்டுத் தனியாக ஊற வைக்க வேண்டும் என்று அப்பத்தா சொல்லித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு யார் சொல்வது?

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பிற்பாடு லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் 1958ல் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியை ஓர் அமெரிக்க இறக்குமதியாளருக்கு விற்றார். பச்சைத் தண்ணீரில் மெதுவாகத் துவைக்க வேண்டும், சாயம் போகும் என்று சொல்லித்தான் விற்றார். அந்த எச்சரிக்கை நியூயார்க்கில் அதை உடையாகத் தைத்து விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் வரைக்கும் போய்ச் சேரவில்லை. வாங்கினவர்கள் இயந்திரத்தில் போட, சாயம் ஓடி, பெரிய ரகளை. கடைசியில், துவைக்கத் துவைக்கச் சாயம் ஓடி நிறங்கள் ஒன்றோடொன்று கலப்பதுதான் இந்தத் துணியின் சிறப்பு என்று விளம்பரம் செய்து அதையே ஒரு மோகமாக்கிவிட்டார்கள். அவர்களிடம் விளம்பரத்துக்குப் பணம் இருந்தது. நம்மிடம் இருப்பது, ஒவ்வொரு சேலையோடும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சீனத்திலும் துவைக்கும் முறை எழுதிய ஒரு சீட்டு வைக்கும் அளவுக்குத்தான். அதையாவது செய்யுங்கள் என்றேன். அதை உடனே குறித்துக்கொண்டார்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஐந்தொகை போடாமல் எதையும் நம்பக் கூடாது என்று அப்பச்சி, அதாவது அப்பா, சொல்வார். ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன். சேலையின் அடக்கம் 1,000 ரூபாய் என்றால் சுமார் 15 வெள்ளி 40 காசு. விமானச் சரக்குக் கூலி, பெட்டி எல்லாம் சேர்த்து 17 வெள்ளி. சிங்கப்பூரில் துணிக்குச் சுங்க வரி கிடையாது, ஆனால் 2024 முதல் ஜிஎஸ்டி 9 சதவீதம், இறக்குமதியிலேயே கட்ட வேண்டும். ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். அதற்குக் கீழே பதிவு செய்யாமல் இருந்தால் வாடிக்கையாளரிடம் வரி வாங்க வேண்டாம், ஆனால் இறக்குமதியில் கட்டியது திரும்பி வராது, அடக்கத்தோடு சேரும். ஆக பதினெட்டரை வெள்ளி. 45 வெள்ளிக்கு விற்றால் கையில் நிற்பது இருபத்தாறரை. வாடகை 12,000, மூன்று ஆட்கள் 9,000, மின்சாரம், கார்டு கட்டணம், கணக்கர், காப்பீடு 3,000 என்று என் ஊகத்தில், குறைத்தே போட்டேன். மாதம் 24,000 வெள்ளி. அதை இருபத்தாறரையால் வகுத்தால் 906 சேலை. லாபம் ஒரு காசு இல்லாமல், வெறும் கதவு திறந்திருக்க, தினம் 30 சேலை, ஒரு நாள் விடாமல்.

"செவ்வாய்க்கிழமை நம் காரைக்குடிக் கடையில் எத்தனை போகுது?" என்று கேட்டேன். அண்ணமிண்டிதான், அதாவது அண்ணனின் மனைவிதான், பதில் சொன்னார்கள், பன்னிரண்டு, பதிமூன்று என்று. கல்லாவில் உட்காருவது அவர்கள்தான்.

ஆட்கள் விஷயத்தில் அண்ணனுக்கு ஒரு நினைப்பு இருந்தது, காரைக்குடிக் கடையில் இருக்கிற இரண்டு நல்ல பெண்களை அங்கே கூட்டிப்போய்விடலாம் என்று. அது நடக்காது. சேவைத் துறைக்கான சாதாரண வேலை அனுமதியில் கடை விற்பனைக்கு இந்தியாவில் இருந்து ஆள் எடுக்க முடியாது. அதற்கு மேல்படியான எஸ் பாஸ் அனுமதி என்றால் சம்பளமே 3,000 வெள்ளிக்கு மேல் காட்ட வேண்டும், அதிலும் சேவைத் துறையில் மொத்த ஆட்களில் பத்தில் ஒருவர்தான். மூன்று பேர் கடையில் ஒருவர்கூடக் கிடையாது. சுற்றுலா விசாவில் போய் நின்று விற்றால் அது சட்டப்படி குற்றம். ஆக, கண்டாங்கியை வாழ்க்கையில் பார்த்திராத உள்ளூர் ஆளுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் விற்க வேண்டும். அது நல்லதுதான், ஆனால் அதற்கும் காலம் வேண்டும்.

இதுவரைக்கும் சொன்னதை எல்லாம் அண்ணன் பொறுமையாகக் கேட்டார். தறி கணக்கைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது. ஒரு சேலைக்கு இரண்டு நாள், மாதம் 24 நாள் தறியில் உட்கார்ந்தால் ஒரு தறிக்கு 12 சேலை. 906 சேலைக்கு எழுபத்தைந்து தறிக்கு மேல் வேண்டும், அதுவும் இப்போது மூன்று கடைக்கும் ஓடுகிற தறிகள் போக. எங்கே இருக்கிறது எழுபத்தைந்து தறி? அவருக்கு நெய்து கொடுக்கிற குடும்பங்களில் பலவற்றில் பிள்ளைகள் தறிப் பக்கமே வருவதில்லை. அடுத்த தலைமுறை இல்லாத தறியிடம் போய் இரண்டு மடங்கு நெய்து கொடு என்று கேட்க முடியாது. அப்புறம் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் அலமாரி காலியாக இருக்கும், விசைத்தறியில் அதே கட்டம், அதே அரக்குக் கரை, மூன்றில் ஒரு பங்கு விலையில் ஒருவர் கொண்டுவந்து காட்டுவார், இந்த ஒரு தடவை மட்டும் என்று மனசு சொல்லும். அன்றைக்குப் புவிசார் குறியீட்டுச் சீட்டை எதில் ஒட்டுவது? ஊருக்கே பொதுவான பேர் அது. வெளிநாட்டில் ஒரு தடவை கெட்டால், தறியில் உட்கார்ந்திருக்கிறவரின் தலையில்தான் விழும். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நான் அப்படிச் செய்வேன் என்று நினைக்கிறாயா?" என்றார்.

"நீங்கள் செய்ய மாட்டீர்கள் அண்ணே. மாதம் 24,000 வெள்ளி செய்ய வைக்கும்" என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவரே பர்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவருடைய தாய்வழிக் குடும்பம் பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தது. முப்பதுகளின் மந்தத்தில் நெல் விலை விழுந்து, கடன் திரும்ப வராமல், ஈடு வைத்த நிலமெல்லாம் செட்டியார்களின் கைக்கு வந்து, 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால் பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. பணமாக இருந்திருந்தால் ஊருக்குக் கொண்டுவந்திருக்கலாம். நிலத்தை எப்படிக் கொண்டுவருவது? ஜப்பான் படை வந்ததும் கையில் இருந்ததோடு கிளம்பினார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு அந்த அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. நான் அந்த இடத்தில் வரைபடத்தில் ஆத்தங்குடி கல்லைக் காட்டினேன். சிங்கப்பூரில் கடை வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் இரண்டு மூன்று வருடத்துக்குப் போடுவார்கள், நடுவில் விட்டுவிட்டுப் போனாலும் மிச்ச மாத வாடகை நம் தலையில். போகும்போது கடையைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கும். ஆசையாகப் பதித்த கல்லை நம் காசிலேயே உடைத்து எடுத்துவிட்டு வர வேண்டும். மூன்று மாத வாடகை முன்பணம் 36,000 வெள்ளி, இருபத்து மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். முதல் சரக்கு மூவாயிரம் சேலை என்றால் முப்பது லட்சம். இத்தனையும் காரைக்குடிக் கட்டடத்தின் மேல் ஏறுகிற கடன்.

என் யோசனையை அப்புறம்தான் சொன்னேன். தேக்கா பக்கம் ஏற்கெனவே சேலைக்கடை வைத்திருக்கிற, நமக்கு நம்பிக்கையான ஒருவரின் கடையில் இரண்டு அலமாரி கேளுங்கள். விற்றால் பணம், விற்காவிட்டால் சரக்கு திரும்ப. இறக்குமதி அவர் பேரில். நம் சின்னம்மா மகள் அங்கேயே குடியுரிமை வாங்கி இருக்கிறாள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டன, துணி தெரிந்தவள். சனி ஞாயிறு அவளை முறையாகச் சம்பளத்துக்கு நிறுத்துங்கள். ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு ஜூலை, மறுபடி ஒரு தீபாவளி. அதற்குள் மாதம் எத்தனை போகிறது என்று தெரிந்துவிடும். மாதம் முந்நூறைத் தொட்டால் சின்னக் கடை பற்றிப் பேசலாம். தொடாவிட்டால் அதே அலமாரி போதும், அதிலும் லாபம்தான். கடனுக்கு வட்டியாகக் கட்ட இருந்த பணத்தில் ஒரு பகுதியை இங்கே இளம் பிள்ளைகள் இரண்டு பேரைத் தறியில் உட்கார வைக்கச் செலவழியுங்கள்.

அண்ணன் சட்டென்று சம்மதிக்கவில்லை. இரண்டு அலமாரியா என்று ஒரு மாதிரி கேட்டார், மனசு ஒடிந்துதான் இருந்தது. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான்கு நாள் கழித்து அண்ணமிண்டி போன் செய்தார்கள். சின்னம்மா மகளிடம் பேசியாகிவிட்டதாம், வங்கிக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டதாம். முதல் பெட்டியில் என்ன வைப்பது என்று அண்ணன் கேட்கச் சொன்னாராம்.

நேற்று மூன்று பேரும் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பிரித்து வைத்தோம். மொத்தம் 120 சேலை. எடை குறைந்த 80ஆம் நம்பர் நூல் 70, பழைய கனத்தில் 50. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு மூன்றும் பாதிக்கு மேல், மீதி அண்ணமிண்டி தேர்ந்தெடுத்த நிறங்கள். துவைக்கும் முறைச் சீட்டு அச்சுக்குப் போயிருக்கிறது, சீனத்தில் எழுதிக் கொடுத்தது என்னிடம் சேலை கடன் வாங்கிய அதே ஆசிரியை. சின்னம்மா மகளுக்கு ஒரு நோட்டு அனுப்புகிறோம். விற்றதைக் கடைக்காரர் கணினியில் எழுதிக்கொள்வார். இவள் எழுத வேண்டியது, எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமல் வைத்துவிட்டுப் போனவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மட்டும். நோட்டின் முதல் பக்கத்தில் அண்ணன் பிள்ளையார் சுழி போட்டு, ஐயா காலத்து விலாசத்தை எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பெட்டி திருச்சிக்குப் போகிறது.